ஒரு கார்டு, ஒரு வாக்கியம்

நேற்று மாலை உன் மகள் ஸ்டெல்லா வந்திருந்தாள். உன் முதல் வருஷ நினைவுப் பூசைக்குச் சொல்லிவிட்டுப் போவதற்காக கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை பஸ் ஏறி வந்திருக்கிறாள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "அம்மா இருந்தா நேர்ல போய்தான் சொல்லணும்னு சொல்லுவாங்க ஆன்ட்டி" என்றாள். காபி குடித்தாள். புறப்படும்போது பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். எப்போதோ பண்ருட்டியிலிருந்து முந்திரி வந்த டப்பா. அவள் போன பிறகு மூடியைத் திறந்தேன். பழைய முந்திரி வாசனையும் அட்டை வாசனையும் கலந்து வந்தன. உள்ளே நம் கார்டுகள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த ஒரு வருஷமும் உன் மேல் எனக்குக் கோபம். உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் இருந்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற கோபம். ஒரு காலை ஸ்டெல்லா போன் செய்தாள், நான் ஓடி வந்தேன், நீ மாலைகளுக்கு நடுவே படுத்திருந்தாய். உன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே அந்தப் பெண்ணிடம் சண்டை பிடித்தேன். "அம்மா உங்களுக்கு எழுதியிருக்கேன்னு சொன்னாங்களே ஆன்ட்டி" என்றாள். அழுகையில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் யார் உன்னைப் பற்றிப் பேசினாலும், "பதினஞ்சு வருஷ சிநேகிதி, என்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன். நேற்று ராத்திரியோடு அது போய்விட்டது. போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பழகியது விடைத்தாள் திருத்தும் முகாமில். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஹால், ஏப்ரல் மாத வெயில், தலைக்கு மேலே அனல் காற்றை வாரி இறைக்கும் மின்விசிறி. நீ அடுத்த நாற்காலி. இரண்டு பேரும் இங்கிலீஷ் டீச்சர்கள். ஒரு பேப்பரில் மார்க்கைத் தப்பாகப் போட்டுவிட்டு நான் அதன் மேலேயே கிறுக்கிக் கிறுக்கி மறைத்துக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். "அப்படி அடிக்காதீங்க டீச்சர். ஒரே ஒரு கோடு போட்டு, சரியானத எழுதி, பக்கத்துல இனிஷியல் போடுங்க. தப்பு பண்ணது நாமதான்னு தெரிஞ்சா போதும், அவ்ளோதான்" என்றாய். நான் வெடுக்கென்று, "தெரியும்" என்றேன். தெரியாது. மத்தியானம் நீ சங்கரா மீன் குழம்பில் பாதியை என் டிபன் பாக்ஸ் மூடியில் ஊற்றியபோது நான் சைவம் என்று சொல்ல நேர்ந்தது, நீ சிரித்த சிரிப்பில் ஹாலே திரும்பிப் பார்த்தது. அடுத்த நாள் எனக்காக உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்தாய். அதற்கப்புறம் 'டீச்சர்' போய் 'டி' வர இரண்டு நாள்கூட ஆகவில்லை.

கார்டு வேலை தொடங்கியதும் அப்படி ஒரு முகாமில்தான். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் கேள்வியில், யாரோ ஒரு பிள்ளை பத்து இடத்திலும் 'ஆன்' என்று எழுதி வைத்திருந்தது. நான் எரிச்சலோடு உன் பக்கம் தள்ளினேன். நீ பொறுமையாகப் பத்தையும் பார்த்துவிட்டு நாலுக்கு டிக் போட்டாய். "ஒரே சாவிய எல்லா பூட்டுலயும் போட்டு பாத்துருக்குடி பாவம். நாலு தொறந்துடுச்சி பாரு!"

அன்று மாலை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அதைப் பற்றியே பேசினோம். நம் பிள்ளைகளுக்கு 'ஆன்' என்றால் 'மேல்' என்று ஒரே அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். மேசை மேல் புத்தகம் சரி. சுவரில் மாட்டிய படத்தை என்ன செய்வது? திங்கட்கிழமை அன்று வருகிறேன் என்பதற்கும் அதே சொல். டூட்டியில் இருப்பதற்கும், லீவில் இருப்பதற்கும், போனில் பேசுவதற்கும், வேண்டுமென்றே செய்வதற்கும், கோயிலைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்கும் அதே சொல். வீட்டில் மோட்டாரை ஆன் பண்ணு என்று ஆயிரம் முறை சொல்கிற பிள்ளை, பரீட்சையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் முழிக்கிறது. என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 'ஆன் தி பஸ்' என்பதற்குக் கூரை மேல் உட்கார்ந்தவர்களைப் படமாகப் போட்டுக் காட்டியதைச் சொன்னேன். "எந்த ஊர் பையன்?" என்றாய். குமராட்சி பக்கம் என்றேன். "அவன் சரியாதான்டி போட்டுருக்கான். அந்த மினி பஸ்ல உள்ள எங்க எடம் இருக்கு?"

ஒரு சொல்லுக்கு ஒரு புத்தகம் போடுவோம், தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக என்று முடிவு செய்தோம். உன் வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் மேலே இங்கிலீஷ் வாக்கியத்தை நீ எழுதுவாய். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே தமிழ், அது என் பாகம். மாதம் பத்துக் கார்டு ஒரு கவரில் தபாலில் வரும். நான் தமிழை எழுதி, இங்கிலீஷில் தப்பு இருந்தால் சிவப்பில் திருத்தி, பத்துக்கு இவ்வளவு என்று மார்க் வேறு போட்டுத் திருப்பி அனுப்புவேன். போனிலேயே அனுப்பேன் என்று ஒரு தடவை சொன்னேன். "போன்ல வந்தா பாத்துட்டு தள்ளிடுவடி. கார்டுன்னா கையில புடிச்சி படிப்ப" என்றாய்.

விதிகள் எல்லாம் நான் போட்டவை. எனக்கு விதி இல்லாமல் கை ஓடாது, உனக்குத் தெரியும். அதில் முக்கியமானது, ஒரு கார்டுக்கு ஒரு வாக்கியம். நீ எழுதுகிற லட்சணத்துக்கு அந்த விதி இல்லாமல் முடியாது. ஒரு வாக்கியம் எழுதி, அதற்கு ஒரு கதை எழுதி, கதைக்கு ஒரு கேள்வி கேட்டு, ஓரத்தில் மீன் படமும் போடுவாய். மீன்களை எல்லாம் சிவப்பில் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

உன் உதாரணங்கள் எல்லாமே பொய். அதுதான் அவற்றின் அழகு. 'மை பிரதர் இஸ் ஆன் பெயில்' என்று எழுதினாய். உன் தம்பி தபால் ஆபீசில் தலை நிமிராமல் வேலை பார்க்கிற மனிதர். ஜாமீனில் வெளியே வந்திருக்கிறான் என்று நானும் தமிழ் எழுதினேன். 'மை ஹஸ்பண்ட் இஸ் ஆன் தி ரூஃப்' என்று ஒன்று. உன் வீட்டுக்காரருக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும். 'ஐ ஆம் ஆன் எ டயட்' என்று எழுதிய கார்டில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெய் ஊறியிருந்தது. ஏன்டி இப்படிப் புளுகுகிறாய் என்று கேட்டதற்கு, "உதாரணத்துல உண்மை எதுக்குடி? உண்மைய எழுதுனா ரெண்டு கார்டுல முடிஞ்சிடும்" என்றாய்.

ஆறு வருஷம் ஓடியது, ஒரே சொல்லில். "ஒரு வார்த்தைய வெச்சிகிட்டு ரெண்டு பேரும் அப்படி என்னாதான் பண்றீங்க?" என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். நீ ஒரு கார்டில் ஆச்சரியமாக ஒன்றை எழுதியிருந்தாய். தமிழில் ஆசை ஒருவர் மேல்தான், கோபமும் ஒருவர் மேல்தான், நம்பிக்கை, பாசம், சந்தேகம் எல்லாம் மேலேதான் போய் உட்காருகிறது. இங்கிலீஷ்காரன் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல்லைத் தேடுகிறான், இதில் மட்டும் நாம்தான் ஒரே சாவிக்காரர்கள் என்றாய். அந்தக் கார்டுக்கு மட்டும் நான் பத்துக்குப் பத்து போட்டேன். டப்பாவில் அது இருக்கிறது. அதன் ஓரத்திலும் ஒரு மீன், அடிபடாமல்.

அப்புறம் எனக்குத் தலைமையாசிரியை பதவி வந்தது, குமராட்சி தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கு. சந்தோஷப்பட்டு நீ கேக் வாங்கிக்கொண்டு வந்தாய். அந்த வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் சனங்கள் பாயும் பாத்திரமுமாக வந்து தங்கினார்கள். எனக்கு மூச்சுவிட நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நீ கூப்பிடுவது வழக்கம். "மீட்டிங்ல இருக்கேன், அப்பறமா கூப்பிடறேன்" என்பேன். கூப்பிட மாட்டேன். கார்டுகளை மட்டும் விடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது, இவ்வளவு வேலையிலும் கவரை நிறுத்தவில்லை பார் என்று. காலையில் மினி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைப்பையின் மேல் வைத்துத் தமிழ் எழுதித் திருத்திவிடுவேன். பத்துக் கார்டுக்குப் பத்து நிறுத்தம்கூட ஆகாது.

நேற்று அந்தக் கார்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி, கவர்களில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்துத் தேதிவாரியாக அடுக்கினேன். கவர்களைக்கூட எறியாமல் வைத்திருக்கிறாய். கடைசி எட்டு மாதத்துக் கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன்.

'ஐ ஆம் ஆன் லீவ்.' நான் விடுப்பில் இருக்கிறேன். டிக்.

'ஐ ஆம் ஆன் டேப்லட்ஸ் ஃப்ரம் டுடே.' இன்று முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். டிக். பக்கத்தில் சிவப்பில், என் அழகான கையெழுத்தில்: 'நல்ல உதாரணம். இதுபோல் இன்னும் அனுப்பு.'

நீ அனுப்பினாய். நான் கேட்டதற்காக அனுப்பினாயா, இல்லை, இவளுக்கு எப்போதாவது உறைக்கும் என்று அனுப்பினாயா? என் தலையில் எல்லாம் ஓடத்தான் செய்திருக்கும், ஆனால் பாடமாக ஓடியிருக்கிறது. மருத்துவமனைச் சொற்களை வரிசையாகச் சேகரிக்கிறாய், நல்ல அத்தியாயமாக வரும் என்று நினைத்தது ஞாபகம் வருகிறது. 'ஷீ இஸ் ஆன் எ டிரிப்' என்ற கார்டில், அவளுக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது என்று தமிழ் எழுதிய எனக்கு, அந்த 'ஷீ' யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கு அடுத்த கவரில் கையெழுத்தே மாறியிருக்கிறது. ஸ்டெல்லாவின் கையெழுத்து. நீ சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். அதில் நான், 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று எழுதி, அரை மார்க் குறைத்திருக்கிறேன்.

போனில் எப்படி இருக்கிறாய் என்று எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்டி" என்பாய். காய்ச்சலில் கிடந்தாலும் அதையே சொல்லுவாய். உன் கஷ்டத்தை உன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழில் சொன்னால் அழவேண்டி வரும் என்று பயந்திருப்பாய். அதனால் கோட்டுக்கு மேலே இங்கிலீஷில் எழுதிவிட்டு, கீழே தமிழை எனக்கு விட்டிருக்கிறாய். நானும் எழுதியிருக்கிறேனடி. உன் வியாதியை முழுக்க முழுக்க என் கையாலேயே, சுத்தமான தமிழில், பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். எழுதி மார்க்கும் போட்டிருக்கிறேன். ஊரெல்லாம் போய், அவள் எனக்குச் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

ஒரு கார்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். 'மை ஆபரேஷன் இஸ் ஆன் தர்ஸ்டே. வில் யூ கம்?' அதில் முதல் வாக்கியத்துக்கு டிக். கீழே என் தமிழ்: 'என் அறுவை சிகிச்சை வியாழக்கிழமை அன்று.' இரண்டாவது வாக்கியத்தின் குறுக்கே நீளமாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில்: 'ஒரு கார்டு, ஒரு வாக்கியம்!'

ஆச்சரியக்குறி வேறு.

உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். இன்னும் பஸ்ஸில்தான் இருந்தாள், இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அந்தக் கவர் எப்போது வந்தது என்று கேட்டேன். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "புதன்கெழம வந்துச்சி ஆன்ட்டி. மறுநாள் ஆபரேஷன். அம்மா கட்டில்ல ஒக்காந்து பிரிச்சாங்க. பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. 'உங்க ஆன்ட்டி இன்னும் முகாம்லயே இருக்காடி'ன்னாங்க. நான் போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவளுக்கு வேல ஜாஸ்தின்னுட்டாங்க." அப்புறம், "சிரிச்சிட்டு கார்ட தலகாணிக்கு கீழ வெச்சிகிட்டாங்க" என்றாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னாள். கடலூரிலேயேதான். போனை வைத்துவிட்டுப் போன வருஷத்து டைரியைத் தேடி எடுத்தேன். அந்த வியாழக்கிழமை எங்கே இருந்தேன் என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். அன்று தலைமையாசிரியர்கள் கூட்டத்துக்காக நான் கடலூரில் இருந்திருக்கிறேன். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. முதுநகர் போய் உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று பஸ் நிலையத்தில் நின்று யோசித்ததுகூட நினைவிருக்கிறது. சிதம்பரம் பஸ் ஒன்று காலியாக வந்தது. உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஏறிவிட்டேன்.

வந்திருந்தால் உன்னைக் காப்பாற்றியிருப்பேனா என்றால் இல்லை. டாக்டர்கள் செய்யாததை நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் கேட்டாயே. வாயைத் திறந்து எதையும் கேட்காதவள், ஒரே ஒரு தடவை கேட்டாய். அந்தக் கேள்வியை நான் பிழை என்று அடித்துத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த கார்டுகளை மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட இரண்டாவது வாக்கியம் இல்லை. கதை இல்லை, கேள்வி இல்லை, மீன் இல்லை. ஆறு வருஷமாக நான் கத்தியும் கேட்காத விதியை அந்தப் புதன்கிழமையோடு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாய்.

ஸ்டெல்லா எப்படி இதையெல்லாம் தெரிந்துகொண்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாள் என்று தெரியவில்லை. போனை வைக்கும் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்க ஆன்ட்டி. அம்மாவுக்கு உங்க கவர் வர்ற நாள்தான் நல்ல நாள்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை லீவு லெட்டர் நீட்டினாள். 'அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாததால்' என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற அதே வரி. வழக்கமாக எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். இன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்கு என்னாம்மா?" என்று கேட்டேன். அவள் பயந்துபோய்விட்டாள். பொய் லெட்டர் போலிருக்கிறது. இருக்கட்டும். பொய்யாகவே இருக்கட்டும். நான் இனிமேல் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

புத்தகத்தை முடிக்கப் போகிறேன். உன் உதாரணங்கள் அப்படியே இருக்கும், ஜாமீனில் வந்த தம்பி, கூரை மேல் ஏறிய வீட்டுக்காரர் எல்லோரும் இருப்பார்கள். அடித்த மீன்களை அச்சகத்தில் திரும்பப் போடச் சொல்ல வேண்டும். கடைசி எட்டு மாதத்துக் கார்டுகள் அதில் வராது. அவை புத்தகத்துக்கு எழுதியவை இல்லை. எனக்கு எழுதியவை.

அந்த வியாழக்கிழமைக் கார்டு டப்பாவில் இல்லை, என் கைப்பையில் இருக்கிறது. பூசைக்கு வரும்போதும் கொண்டுவருவேன். சற்று முன் அதை எடுத்து மேசையில் வைத்து, முகாமில் நீ சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். நான் சிவப்பில் எழுதிய 'ஒரு கார்டு, ஒரு வாக்கியம்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கிறுக்கி மறைக்கவில்லை. பக்கத்தில் இனிஷியல் போட்டேன். உன் இரண்டாவது வாக்கியத்துக்கு இத்தனை நாளாகத் தமிழ் எழுதாமல் விட்டிருந்தேன் அல்லவா, அதையும் கோட்டுக்குக் கீழே எழுதினேன். 'வருவியா?'

மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தில் இருப்பதால், அது இப்போது நான் உன்னைக் கேட்பதுபோல் இருக்கிறது.